எங்கள் அறையில் யாரும் தனியாக அழுததில்லை

உங்கள் அலுவலகத்தில் தேநீர் சரியில்லை. தப்பாக நினைக்காதீர்கள். தூளைப் போட்டுக் கொதிக்கவிடாமல் இறக்கியிருக்கிறார்கள். நிறம் வந்திருக்கிறது, குணம் வரவில்லை. ஒரு சாயங்காலமாவது எங்கள் ஆராய்ச்சி மாணவர் அறைக்கு வந்திருந்தால் நல்ல தேநீர் குடித்திருப்பீர்கள். உங்கள் மூவரில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது விசாரணை என்றதும் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

போனை அணைக்கச் சொன்னீர்கள். அணைக்க மாட்டேன். வேண்டுமானால் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வேலை என்னவென்று துறைத்தலைவருக்குத் தெரியும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் வக்கீலம்மாவுக்காகச் சொல்கிறேன். இலையில் ஒரு துணுக்கை வெட்டி, கண்ணாடி ஜாடியில் ஊட்டக்கூழின்மேல் வைத்து, அதிலிருந்து முழுச் செடியை வளர்த்தெடுக்க வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கிறவரை பயமில்லை. வெளிக்காற்று கொஞ்சம் பட்டால் போதும், சில நாளில் பஞ்சு மாதிரி பூஞ்சை பிடித்துவிடும். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்துதான். வேர் விட்டு, மண்ணுக்கு மாறி, பிழைத்தால்தான் ஆய்வேடு எழுத முடியும்.

நான் சேர்ந்த புதிதில் என் ஜாடிகள் மொத்தமும் ஒருமுறை கெட்டுப்போயின. வளர்ப்பறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மூத்தவர்கள் என் காலைத் தாண்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, டிரே எடுக்கணும்" என்றார். இனி இந்த அறையில் யாரும் தனியாக அழக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதை நடத்தியும் காட்டினேன். அதற்குத்தான் இந்த விசாரணை.

மூத்தவர்கள் முடித்துவிட்டுப் போனதும் அறையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். யாருடைய ஜாடி கெட்டாலும் அன்று மற்றவர்கள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். ஒருத்தி கூழ் காய்ச்சுவாள், ஒருத்தி ஜாடி கழுவுவாள், ஒருத்தி கத்தியைச் சுடரில் காட்டித் துணுக்கு வெட்டுவாள். கெட்டவள் உட்கார்ந்து அழலாம், திட்டலாம், தேநீர் குடிக்கலாம். பொழுது சாய்வதற்குள் அவளுக்குப் புது ஜாடிகள் தயாராகிவிடும். ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்து சிரித்த சிரிப்பில் கண்ணாடி அதிரும். என் அம்மா வீட்டில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு எல்லாம் நன்றாக நடக்க ஆரம்பித்தது. யாருக்கும் எதுவும் கெடவில்லை. ஆளாளுக்குக் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு தன் மேசையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். தேநீர் போட்டுக் கூப்பிட்டால், "வெச்சிருங்கக்கா, வரேன்" என்பார்கள். ஆறி ஏடு படிந்த தேநீரை நான்தான் கொட்டுவேன். நல்லபடியாக இருக்கிறபோது யாருக்கும் யாரும் வேண்டாம். அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்க வேண்டும் என்கிறீர்களா?

ஒரு ஜாடியின் மூடியை அரைத் திருகு தளர்த்தினேன். ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி இறுக்கினேன். அந்த வாரமே எல்லோரும் கூடினோம்.

முதலில் யார் என்று கேட்கிறீர்கள். அந்தப் பெண் இரண்டாம் வருடமே படிப்பை விட்டுவிட்டாள். என் பங்கில் பிசகு இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். கயிற்றை அறுகிற அளவுக்கு இழுத்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு நிதானமாக இருந்தேன். ஒருத்திக்குக் கெட்டால் அடுத்தது வேறொருத்திக்கு. சந்தேகம் வராமல் இருக்க அல்ல; அன்பு எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் அல்லவா?

ஊர்க்காரி விஷயம் வேறு. வாயைத் திறந்தால் ஊர் ஊர் என்பாள் என்று நான் வைத்த பெயர் அது. கைக்குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தவள். சீக்கிரம் முடித்துவிட்டு மகளிடம் போய்விட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு. கை சுத்தம், வெட்டும் சுத்தம். விட்டிருந்தால் மூன்றே வருடத்தில் மூட்டையைக் கட்டியிருப்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதை மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? என் தேநீரை ஆறவிடாமல் குடித்தவள் அவள் ஒருத்திதான்.

குழந்தையைப் பார்க்க அவள் ஊருக்குப் போகிறபோதெல்லாம் ஜாடிகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள். "நீங்க இருக்கீங்கன்னுதான்க்கா நிம்மதியா போறேன்" என்பாள். திரும்பி வரும்போது பூஞ்சை பிடித்திருக்கும். ராத்திரி பகல் பாராமல் கூட இருந்து மறுபடி வெட்டிக் கொடுப்பேன். நீட்டிப்பு விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுப்பேன். துறைத்தலைவர் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நடை நன்றாக இருக்கிறது என்று பாராட்டியும் இருக்கிறார்.

ஒருநாள் அவளே சொன்னாள், "நான் ஊருக்குப் போனாலே கெட்டுப்போகுதுக்கா. என் ராசி. இனிமே முடிக்கிறவரைக்கும் போகப் போறதில்ல."

"ராசியாவது ஒண்ணாவது. பைத்தியக்காரி," என்று தலையைத் தடவினேன். போ என்று மட்டும் சொல்லவில்லை. பண்டிகை, பிறந்தநாள் எல்லாம் எங்களோடுதான். அவள் போனில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். குழந்தை அத்தையை அம்மா என்று கூப்பிட்டது. இவளைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டது. ஊர்க்காரி என் மடியில் விழுந்து அழுதாள். குழந்தைக்கு ஓர் அம்மா இருக்கிறாள், அது யாராயிருந்தால் என்ன? இவளுக்கு நான் இருந்தேன்.

கடைசித் தொகுதிக்கு வருகிறேன். அதுதானே உங்களுக்கு வேண்டும். இதற்குமேல் நீட்டிப்பு இல்லை என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். செடிகளும் வேர் விட்டுவிட்டன. ஒரு வாரத்தில் மண்ணுக்கு மாற்ற வேண்டியது. கெட்டால் வெறுங்கையோடு போவாள், பிழைத்தால் பட்டத்தோடு போவாள். எப்படியும் போகத்தான் போகிறாள். வெறுங்கையோடு போகிறவள் என்னை மறக்க மாட்டாள் என்று நினைத்தேன். பட்டத்தோடு போன மூத்தவர்களில் ஒருவராவது எனக்கு ஒரு கடிதாசு போட்டதுண்டா?

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் பெயர் ஒட்டியிருந்த ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினேன்.

நாலைந்து நாளில் பூஞ்சை வந்தது. ஊர்க்காரி அலமாரிமுன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. நான் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அறையிலேயே இளையவள், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் கேள்வித்தாள் என்று நாங்கள் கூப்பிடுகிறவள், ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, எழுந்திரிங்க. அது உங்க செடி இல்ல. உங்களோடது பத்திரமா இருக்கு."

நடந்தது இதுதான். ஊர்க்காரியின் ராசிப் பயத்தைப் போக்க, இவள் யாருக்கும் சொல்லாமல் சீட்டுகளை மாற்றி ஒட்டியிருக்கிறாள். அவளுடைய செடிகளுக்கு என் பெயர், என் செடிகளுக்கு அவள் பெயர். இருவரும் வளர்ப்பது ஒரே இனம், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. என் முகத்தைப் பார்த்து வெட்கத்தோடு சொன்னாள், "உங்களுக்கு ஒரு தடவகூட கெட்டதில்லயேக்கா. ராசியான கை. உங்க பேர்ல இருந்தா பிழைச்சுக்கும்னு நினைச்சேன். உங்களுக்குக் கோபம் இல்லயே?"

கைகொடுக்கிற பழக்கத்தை நான்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டேன். கோபமில்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஊர்க்காரி அழுதுகொண்டே சிரித்தாள். கேள்வித்தாள் மட்டும் சிரிப்பை நடுவில் நிறுத்தினாள்.

"இத்தனை நாளா அவங்க செடி கெட்டுச்சு. இப்ப அவங்க பேர் ஒட்டின உங்க செடி கெட்டிருக்கு. பூஞ்சைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியுமாக்கா?"

ஊர்க்காரி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கையில் நான் கொடுத்த தம்ளர் இருந்தது. அதைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

மூடிகளைத் திறந்தது நான்தான். எல்லாருடையதையும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள். என் காலத்தில் அந்த அறையிலிருந்து ஊர்க்காரிக்கு முன்னால் ஒருவரும் முடித்துவிட்டுப் போகவில்லை என்று குற்றம் சாட்டுகிறீர்கள். சரி. தனியாக அழுதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்திகூட இல்லை. உங்கள் துறையில் வேறு எந்த அறையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

ஊர்க்காரி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். போகிறபோது என் மேசையைத் தாண்டித்தான் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள், அதனால்தான்.

இங்கே வரும் வழியில் கேள்வித்தாள் எதிரே வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியவள், நின்று சொன்னாள்.

"குழந்தை அவங்ககிட்ட வர மாட்டேங்குதாம். அத்தை முந்தானைக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்குதாம். நேத்து எனக்குப் போன் பண்ணி அவ்வளவு அழுதாங்க. இப்ப உங்களுக்கு நிம்மதியா?"

"உனக்கா?" என்று கேட்டேன். "உனக்கா போன் பண்ணினாள்?"

அழுகை வந்தால் அவள் என்னைத்தான் கூப்பிடுவாள். கண்ணீரில் எண் சரியாகத் தெரிந்திருக்காது, மாற்றி அழுத்தியிருப்பாள். அதனால்தான் ஐயா, இந்தப் போனை அணைக்க மாட்டேன் என்றேன்.