அழிக்க முடியாத இடுப்பளவு

...அழிக்கவே முடியாதாம்ணே! ஒரு வரி. ஒரே ஒரு வரி! ரப்பரால அழிக்க முடியாது, பேனாவால அடிக்க முடியாது, பக்கத்தைக் கிழிச்சு வாயில போட்டு முழுங்கவும் முடியாது. பக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே கிழிக்க! உக்காருங்கண்ணே. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. எதிர்க்கடைக் கோட்டுக்காரர் என் கடைப் படியேறி எத்தனை வருஷமாச்சு! நானும் தையக்காரன், நீங்களும் தையக்காரர். நடுவுல ஒரு தெரு, அவ்வளவுதானே? கோபம் ஒண்ணும் இல்லையே? சரி, இல்லைன்னே வச்சுக்குறேன்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், அந்த வரி. எல்லாம் எங்க அக்கா மகனால வந்த வினை. ஏழு தையக்கடை அளவையும் ஒரு கம்பெனியோட ஆப்புல போட்டு வச்சோமே, ஒருநாள் அந்தக் கம்பெனியே காணாமப் போச்சே, ஞாபகமிருக்கா? எத்தனை ஆயிரம் தோளு, கழுத்து, இடுப்பு! எல்லாம் போச்சு! அப்பத்தான் இந்த மகராசன் வந்தான். "மாமா, இனிமே எந்தக் கம்பெனியையும் நம்பி இருக்க வேணாம். பிளாக்செயின்ல போட்டுருவோம். முதலாளியே கிடையாது. ஏழு கடையில ஏழு கம்ப்யூட்டர், ஏழுலயும் ஒரே அளவுநோட்டு. ஒவ்வொரு வரியும் முந்தின வரியோட கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். ஒருத்தர் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் மத்த ஆறும் காட்டிக் கொடுத்துரும்"னான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. கூட்டுக்குடும்பம்னாலும் கேக்க நல்லாத்தான் இருக்கும், இருந்து பாத்தாத்தானே தெரியும்!

அதுல ஒரு வசதி வேற. வாடிக்கையாளர் அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்க போன்லயே திறந்து பாத்துக்கலாமாம். யாருண்ணே கேட்டா? வைத்தியர் எழுதுற சீட்டை நோயாளி படிக்கிறானா? படிக்கத்தான் முடியுமா? அதுவல்லவோ எழுத்து!

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா கவுன் தைக்க வந்தாங்க. "இடுப்பு முப்பத்திநாலு"ன்னாங்க. நான் டேப்பைச் சுத்தினா நாப்பது! மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, முகம் தக்காளியாச் சிவக்குது. குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அது காலியாக் கிடந்தா எனக்குக் கை அரிக்கும். எழுதிட்டேன். "சொல்லும் இடுப்பு முப்பத்துநான்கு. இருக்கும் இடுப்பு நாற்பது. அம்மையார் மூச்சை விட்டால் பொத்தான் பறக்கும். எதிரில் நிற்பவர் கண் பத்திரம்." நல்லாத்தானே இருக்கு? நீங்ககூடச் சிரிச்சீங்களாமே, பட்டன் கடை வரைக்கும் கேட்டுச்சாமே!

அப்ப எனக்குத் தெரியுமா, அந்தம்மாவோட பையனும் என் மூத்தவளும் ஒரே ஆபீசுல போயி உக்காருவாங்கன்னு? மூணு வருஷமாண்ணே... அந்தப் பையனைத் தவிர வேற பேச்சில்ல அவளுக்கு. அந்தம்மாவோ வானத்துக்கும் பூமிக்குமா குதிச்சாங்க. போன வாரந்தான் மனசு இளகி, "சரி, செய்வோம்"னாங்க. அதோட நிறுத்தியிருக்கலாமில்ல? "சம்பந்தி, கல்யாணத் துணியெல்லாம் உங்க கடையிலதான். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வர்றேன். என் பழைய அளவை என் போன்லயே திறந்து காட்டுங்க"ன்னுட்டாங்க! பாசம்ணே, பாசம். இந்தப் பாசத்துக்குப் பகையே தேவலை!

நானும் சும்மா இருக்கல. "மேலே கண்டது தவறு"ன்னு ஒரு வரி சேத்தேன். சேத்ததும் ஏழு கடையிலயும் டிங்குன்னு மணி! மேல அப்படி என்னதான் இருக்குன்னு அத்தனை பேரும் தேடிப் படிச்சாங்க. "மேலே கண்டதை யாரும் படிக்க வேண்டாம்"னு இன்னொரு வரி போட்டேன். மறுபடி டிங்! இப்ப அந்தம்மா இடுப்பைப் பத்தி மொத்தம் ஒன்பது வரி நிக்குது. ஒருத்தர் இடுப்பைச் சுத்தி இவ்வளவு எழுத்து எந்த ஊர்லயாவது உண்டா?

அழிக்கத்தான் முடியாது, மூடலாமாம். ஏழுல நாலு கடை ஓட்டுப் போட்டா அந்தப் பழைய வரிகள் மேல திரை விழுந்துரும், அந்தம்மா திறந்தாலும் தெரியாது. நாலாவதா போடுறவர் காரணம் எழுதணும். அது மட்டும் திரைக்கு வெளியில நிக்கும், என்னைக்கும். என் ஓட்டு ஒண்ணு. சீருடைக்காரர் போட்டுட்டார். திரைச்சீலை தைக்கிற அக்காவும் போட்டாச்சு. மிச்ச மூணு பேரும், "விதி போட்டவர் நீர், அனுபவிக்கிறவரும் நீரே"ங்கறாங்க.

...அது உண்மைதான். உங்ககிட்ட மறைக்க முடியுமா, நீங்களும் அந்தக் கூட்டத்துல இருந்தீங்களே. அழிக்கிற பொத்தான் ஒண்ணு வைக்கட்டுமான்னு அக்கா மகன் கேட்டான். நீங்க ஆறு பேரும் வைன்னீங்க. மேசையைத் தட்டி, கூடவே கூடாதுன்னவன் நான். காரணம் எழுதணும்னதும் நாந்தான். ஏன்னா... உங்களை நம்பலண்ணே. என் வாடிக்கையை ராவோட ராவா உங்க பேர்ல மாத்திக்குவீங்கன்னு பயம். நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. இந்த நுணல் மேசையைத் தட்டிக் கெட்டுச்சு.

போட்டுருங்கண்ணே. உங்க போன்லயே திறங்க, ஓட்டுப் பொத்தான் மேலயே இருக்கும்... மேலண்ணே, மேல. கீழ எங்க போறீங்க? அது பழசு! அதையெல்லாம் எதுக்கு இப்ப... எதுல நிக்கிறீங்க, காட்டுங்க. ஐயையோ. அது நீங்க தைச்ச கோட்டைப் பத்தித்தான். "கை இரண்டும் ஒரே ஆளுக்கு உரியவையாகத் தெரியவில்லை." விளையாட்டா எழுதினது! அதுக்குக் கீழ இருக்கிறதா? "இது கோட்டு அன்று, கோணி." அதுவும் விளையாட்டுதான். எண்ணாதீங்கண்ணே, பதினேழு இருக்கும்... நானே சொல்லிடுறேன், பதினேழு.

எந்திரிச்சுட்டீங்களே! டீ வந்துட்டே இருக்கு! அண்ணே... அண்ணே! என் மேல கோபம்னா என்னைத் திட்டுங்க, என் பொண்ணு என்ன பண்ணுவா? காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல அவளுக்கு. எனக்காக வேணாம், அவளுக்காகப் போடுங்க! ...போயிட்டாரே. தெருவைத் தாண்டிட்டாரே. திரும்பிக்கூடப் பாக்கலியே மனுஷன்!

டிங்குங்குது. யாரு இது... அட! நாலாவது ஓட்டு! போட்டுட்டார்! திரை விழுந்துருச்சு! தங்கமான மனுஷன்! நான் சொல்லல? காரணம் என்ன எழுதியிருக்கார்... "அளவு எடுத்த தையற்காரருக்குக் கண் மங்கல், ஆகவே அளவு பிழை."

என்னது? எனக்கா? முப்பத்தெட்டு வருஷமா கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்குறவன்யா நான்! ஏழு கடையிலயும் விழுந்திருக்குமே! என்னைக்கும் நிக்குமே! இருங்க, இப்பவே எழுதுறேன், "என் கண் பழுதற்றது"ன்னு...

எழுதினா... கண்ணு சரின்னா, அளவும் சரி. அளவு சரின்னா, நாப்பது.

...

கோட்டுக்காரரே! அண்ணே! கேக்குதா? எனக்குக் கண்ணு தெரியலதாண்ணே! சுத்தமாத் தெரியல! நாளைக்குப் பத்து மணிக்கு அந்தம்மா முன்னாடியும் தடவித் தடவித்தான் நடப்பேன், நீங்க வந்து பாருங்க!