வெளிய போற பை

அட, காலக் கீழ தொங்கப் போட்டு நல்லா உக்காருங்க மாப்ளெ. உள்ள வர்ற ஆள நாயி ஒன்னும் பண்ணாதுங்க. மோந்து பாக்கும், போயிப் படுத்துக்கும். தங்கமாட்ட இருக்கும் எங்க பிளாக்கி. திருடனே வந்தாலும் வாலாட்டித்தான் உள்ள உடும். போறப்பத்தானுங்க கெரகம், பையோட ஒருத்தர வெளிய உடாது.

நிர்மலாவுங்களா? வருவா, வருவா. பொறுங்க. மூலனூர்ல இருந்து மூணாவது தடவையா வண்டிய முறுக்கிட்டு வந்திருக்கறீங்க, பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறதுக்கு. ஒரு வாய் டீ குடிக்காம எப்பிடிங்க. ஏ வேலாத்தா, மாப்ளைக்கு டீ வெய்யி. உங்கத்தைக்கு இப்பக் காது செரியாக் கேக்கறதில்லீங்க. ரெண்டு தடவ சொல்லோணும்.

நாயக் கட்டிப் போட்டுட்டு நிர்மலா சூட்கேஸ எடுத்துட்டுப் போயிறலாங்கறீங்களா? கட்டிப் போட்டுத்தானுங்க கேஸ்காரரு அருண்பாண்டிகிட்டக் காலி சிலிண்டரக் குடுத்தேன். அவரு மதுரப் பக்கத்து ஆளு. கேட்டத் தாண்டறதுக்குள்ள சங்கிலிக் கொக்கி தெறிச்சுப் போச்சு. கெண்டக்கால்லயே கடி. அண்ணே, சிலிண்டர நீங்களே வெச்சுக்கங்க, என் கால மட்டும் குடுக்கச் சொல்லுங்கண்ணேன்னு கத்துனாரு பாருங்க, தெருவே கூடிப் போச்சு. நாந்தான் மொபெட்ல பின்னால உக்கார வெச்சு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அப்பறம் ஒவ்வொரு ஊசிக்கும் கூடவே போனேன். நர்சம்மா என்னையப் பாத்தாலே இன்னைக்கு யாருன்னு கேக்கற அளவுக்கு ஆயிப் போச்சு.

எங்கள உடுமான்னு கேக்கறீங்களா? ஊட்டாளுன்னு பாக்காதுங்க. கையில பை இருந்தா அவ்வளவுதான், என்ற வேட்டியயே புடிச்சுட்டு நிக்கும். நாங்க என்ன பண்றதுன்னா, பையச் செவுத்துக்கு அந்தப் பக்கம் வீசிருவோம். பொறவு வெறுங்கையோட கேட்டத் தாண்டிப் போயி எடுத்துக்குவோம். உங்கத்தை ஒரு நா தூக்குப் போசிய வீசிப் போட்டா. அந்தப் பக்கம் ஒருத்தரு வெள்ள வேட்டி சட்டையில கல்யாணத்துக்குப் போயிட்டு இருந்தாருங்க. சாம்பாரு. முருங்கக்காச் சாம்பாரு. ஒறம்பரைக ஊட்டுக்கு வந்தா, போறப்பக் கையில ஒன்னும் குடுத்தனுப்ப முடியல. வெறுங்கையோட அனுப்பற ஊட்டுக்கு எத்தன நாளைக்கு வருவாங்க? நின்னு போச்சுங்க.

சூட்கேஸையும் செவுத்து மேல குடுக்கறதா? அது எப்பிடிங்க மாப்ளெ. கட்டிக் குடுத்த பொண்ணோட பொட்டியச் செவுரு தாண்டிக் குடுத்தா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? உங்களத்தானுங்க பேசுவாங்க.

ரெண்டு போட்டாத் திருந்திருமுங்களா. ம். போட்டுத்தானுங்க இப்பிடி ஆச்சு.

அதப் பழக்குனவன் நாந்தான் மாப்ளெ. நெருப்பெரிச்சல் ஊருக்குள்ள நா வாட்ச்மேனா இருந்த நிட்டிங் கம்பெனி இருந்துச்சுல்லீங்க, அங்க சோத்துப் பையில நூல் கோன வெச்சு ஒன்னொன்னா வெளிய கடத்திட்டு இருந்தாங்க. மொதலாளி ஒரு குட்டியக் கொண்டாந்து உட்டாரு. நா கையில சாக்கச் சுத்திக்குவேன், பைய மாட்டிக்குவேன், கேட்டுக்கு வெளிய நடப்பேன். பையப் புடிச்சா ஒரு துண்டு கோழி ஈரலு. பையோட உள்ள வந்தேன்னா ஈரலு கெடையாது. ரெண்டே மாசம். அதுக்கு உள்ளயும் வெளியயும் வெளங்கிப் போச்சு. எனக்குப் பெரும தாங்கல, போங்க.

அப்பறம் ஒரு நா அது தூங்கிருச்சு. வெயிலு, பாவம். ஒருத்தன் பையோட போயிட்டான். மொதலாளி எல்லாத்து முன்னாலயும் என்னைய வஞ்சாரு. சம்பளத்துக்கு நிக்கற ஆளு, நா அவர என்ன பண்ண முடியும்? தண்ணி ஓஸு பைப்ப எடுத்து இத சாத்துனேன். ஒரே ஒரு நாளுதாங்க. அன்னையோட அதுக்குத் தூக்கம் போச்சு. பையக் கண்டா மொதல்ல நடுங்கும். காலடியில ஒன்னுக்கு உட்டுரும். அப்பறந்தான் பாயும். பாக்கறவங்க கோவக்கார நாயிங்கறாங்க. கோவமெல்லாம் இல்லீங்க. அந்தப் பை வெளிய போயிருச்சுன்னா மறுபடி ஓஸு வருமேன்னு பயம். எனக்குத் தெரியும், யாருகிட்டயும் சொன்னதில்ல. கம்பெனிய மூடுனப்ப மெசினெல்லாம் வித்துட்டாங்க, இத வாங்கறதுக்கு ஆளில்ல. நா கூட்டிட்டு வந்துட்டேன்.

டீ கொதிக்குது, வந்துரும். மணி பாக்கறீங்களா? இன்னும் அஞ்சாகலீங்க.

மாட்டு டாக்டருகிட்டக் கேட்டேனுங்க. பழக்குன மாதிரியேதான் மாத்தோணும்னாரு. காலிப் பைய எடுத்துட்டு ஒரு எட்டு வெய்யிங்க. அது பொட்டாட்ட அசையாம இருந்தா ஈரலு குடுங்க. நாளைக்கு ரெண்டு எட்டு. நடுங்குச்சுன்னா அன்னைக்கு அதோட உட்டுருங்க, அதட்டாதீங்கன்னாரு. எனக்கு ஏதுங்க அவ்வளவு பொறும. மூணு நா பண்ணுனேன், சலிச்சுப் போச்சு, உட்டுட்டேன். நிர்மலாதான் எடுத்துச் செஞ்சா. ஆடிக்கு வந்தவ, ஊட்டுல சும்மா உக்காந்துட்டு இருந்தா. யாருகிட்டயும் ஒரு பேச்சு இல்ல. சோத்த வட்டல்ல போட்டா அப்பிடியே பாத்துட்டு இருப்பா. சரி, நாயோடயாவது பேசட்டும்னு உட்டுட்டேன்.

வேற ஒன்னு சொல்றேங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அவ வந்த ரெண்டாம் நாளு கடைக்குப் போயிட்டு வந்தா. நா இதே கேட்டுக்கிட்டத்தான் சேரப் போட்டு உக்காந்திருந்தேன். எனக்கு முன்னால வந்து நின்னு, பை ஜிப்பத் தெறந்து காட்டுனா. சோப்பு, கருவேப்பில, அரை லிட்டர் பாலு. அப்பறம் அந்தச் சின்னப் பர்ஸையும் தெறந்து காட்டுனா. நா கேக்கவே இல்லீங்க. காட்டிட்டு, என்ற மொகத்தப் பாத்துட்டு, உள்ள போயிட்டா. காட்டுனது அவளுக்கே தெரியல.

இருவத்திரெண்டு வருசம் கேட்ல நின்னு பை பாத்தவன் மாப்ளெ நானு. புதுசா வேலைக்கு வர்ற பொம்பளைக பையத் தெறக்கச் சொன்னா மொகஞ் சுளிப்பாங்க. வெக்கப்படுவாங்க. என்னையத் திருடிங்கறியான்னு சண்டைக்கு வருவாங்க. ஆறு மாசம் தெனம் நோண்டிப் பாத்தமுன்னா, நாம கேக்கறதுக்கு முன்னால ஜிப்பு தானாத் தெறக்கும். உங்க ஊட்டுல கேட்டும் இல்ல, வாட்ச்மேனும் இல்ல.

இருங்க, நா உங்கள எதுவும் கேக்கல. உங்கம்மா பாத்தாங்களா நீங்க பாத்தீங்களா, எதுக்குப் பாத்தீங்க, எனக்கு எதுவும் வேண்டாமுங்க. உக்காருங்க. ஏனுங்க, நா சத்தம் போட்டனா? இல்லீல்ல.

நாயப் பழக்கறப்பவும் அப்பிடித்தான். காலிப் பைய என்றகிட்டத் தெறந்து காட்டி, பாருங்கப்பா ஒன்னும் இல்லைன்னு சொல்லிட்டுத்தான் மொத எட்டு வெப்பா. நா தலையத் தலைய ஆட்டுவேன், என்ன பண்றது. நாய் நடுங்குச்சுன்னா நின்னு தடவிக் குடுப்பா. ஒரு நாளைக்கு அம்பது தடவ நடந்தா. ஈரல் கடைக்காரரு, ஏனுங்க ஊட்டுல தெனம் விருந்தான்னு கேட்டாரு. கேட்டுத் தாப்பாளத் தொடறதுக்கே இருவது நாளாச்சு. அப்பறம் ஒரு நா காலைல பைய மாட்டுனா, செருப்பப் போட்டா, எனக்குக் காட்டாமயே போயிட்டா. அது படுத்தமேனிக்கே ஒரு கண்ணத் தெறந்து பாத்துட்டு மூடிக்கிச்சு.

ஆமாங்க. நாய் செரியாப் போயி ஒன்றரை மாசமாச்சு. போன தடவ நீங்க வந்தப்பவே செரியாத்தான் இருந்துச்சு. நாந்தான் பொய்யி சொன்னேன்.

உள்ள பாக்காதீங்க, அவ இல்ல. அனுப்பர்பாளையத்துல ஒரு பனியன் கம்பெனியில துணி செக்கிங்குக்குப் போறா. அஞ்சரைக்கு வருவா. கோவிச்சுக்காம அதுக்கு முன்னால கெளம்பிருங்க மாப்ளெ. அங்க திரும்பிப் போகமாட்டேன்னு, அந்த ஒரு பேச்ச மட்டும் அவ வந்த மொத வாரமே சொல்லிட்டா. கட்டிக் குடுத்த மாப்ளைகிட்ட மொகத்துக்கு நேரா அதச் சொல்ற தெம்பு எனக்கு இல்லாமப் போச்சு. நாய முன்னால உட்டுட்டுப் பின்னால நின்னுட்டேன்.

டீ வந்துருச்சு பாருங்க. வேண்டாமா? செரிங்க. வண்டியப் பாத்துத் திருப்புங்க, அங்க சாக்கடைக் கல்லு ஒன்னு ஒடஞ்சிருக்குது. உங்கம்மா கேட்டா என்ன சொல்றதுன்னு ரோசனையா? நாய் உடலைன்னே சொல்லிருங்க.