நாப்பத்தொண்ணாவது கோடு

அந்த மெஷினத் தொடாதீங்க சார், லென்ஸ்ல கை பட்டா அப்புறம் நாந்தான் தொடைக்கணும். யாரு, புரொஃபசரா? அவருக்கு இத ஆன் பண்ணவே தெரியாது. போட்டோ எடுக்கறப்ப வெள்ளக் கோட்ட மாட்டிக்கிட்டுப் பக்கத்துல நிப்பாரு. பதினோரு வருஷமா சாம்பிள் வைக்கிறது நான். விசாரணைக்கு வந்த நீங்க அவர் ரூம்ல காப்பி குடிச்சிட்டு அப்படியே கெளம்பிடுவீங்கன்னு நெனச்சேன்.

என்ன பண்ணும்னா, ரத்தத்துலேருந்து பிரிச்ச சீரம், ஒரே ஒரு சொட்டு, காயவச்சு இங்க வைப்பேன். லேசர் படும். உள்ள மூலக்கூறுங்க அதிர்றதுக்கு ஏத்த மாதிரி, திரும்பி வர்ற வெளிச்சம் மாறும். கம்ப்யூட்டர் அதக் கோடாப் போடும். புத்துநோய் இருந்தா கோடு வேற மாதிரி வரும். அவ்ளோதான். இதுக்கு அவரு மேடையில பேசறதப் பாத்தா, வெளிச்சத்தையே அவருதான் கண்டுபிடிச்சாருன்னு நெனைக்கணும்.

நோயாளிங்க அறுபது பேரு, நல்லா இருக்கறவங்க அறுபது பேரு. நல்லா இருக்கறவங்களுக்கு எங்க போறது? இங்க வேல செய்யற எங்களையே கைய நீட்டச் சொன்னாரு. பேரு கெடையாது, வெறும் நம்பர். நூத்திப் பத்தொம்பது சரியா வந்துச்சு. எங்க பக்கத்துல நாப்பத்தொண்ணு மட்டும் அச்சு அசலா நோயாளி கோடு.

மூணு தடவ வச்சேன் சார். புதுச் சொட்டு, புதுத் தட்டு. அதேதான். கொண்டுபோய்க் காட்டினா, கை கழுவிட்டுத் தொடும்மா, கண்டதையும் கலந்துட்டு என் உசிர வாங்காதன்னாரு. மறுநாள் பாத்தா லிஸ்ட்லயே அந்த நம்பரக் காணோம். நூத்துக்கு நூறு சரின்னு கட்டுரையும் அனுப்பியாச்சு. மெஷின் அவரவிட யோக்கியம் சார், அதுக்குப் பதவி உயர்வு தேவையில்ல பாருங்க.

அந்த நம்பர் யாரு, அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுவோமான்னு கேட்டாரா?

ஆமா, புகார் எழுதினது நாந்தான். ஆதாரமா? இந்தாங்க, மூணு கோடும் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க, திங்கக்கெழமையிலேருந்து நான் லீவு.

ஊர் சுத்தல்லாம் இல்ல சார். ஆபரேஷன். நம்பர் எழுதி ஒட்டினதே நாந்தானே, நாப்பத்தொண்ணு என் ரத்தம்னு எனக்குத் தெரியாதா? நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி ஸ்கேன் எடுத்தேன். கட்டி சின்னதா இருக்கறப்பவே வந்துட்டீங்கன்னாங்க.

அவருகிட்ட லீவு லெட்டர் குடுத்தேன். என்ன காரணம்னு படிக்காமயே கையெழுத்துப் போட்டுட்டாரு.