டம்ளர் டாக்டர் சாத்திய கதவு

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! டாக்டரம்மாவின் கணவர் அவர்களே! டாக்டரம்மா கையால் பல்வரிசையைச் சீராக்கிக்கொண்டு, இன்று இந்த இரங்கல் கூட்டத்தில் பல் தெரியச் சிரிக்கலாமா கூடாதா என்று தயங்கி அமர்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே! சிரியுங்கள். அவருக்கு வேறென்ன வேண்டும்?

நம் பல்சீரமைப்புத் தலைமை மருத்துவரை ஊரே "டம்ளர் டாக்டர்" என்றது. ஏன்? யார் வந்தாலும் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுப்பார். "குடிங்க, நான் பாக்கறேன்" என்பார். பக்கத்து அறையில் இருபது ஆண்டுகளாகப் பல்லுக்குக் கம்பி கட்டிவரும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மேடம், இது ஆஸ்பத்திரியா, காபிக் கடையா?"

அந்தக் கேலிக்கு என் வீட்டிலேயே பதில் இருந்தது. என் மகள் பல்லைக் கடித்தாலும் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராது, நடுவில் சந்து. அப்பனே மருத்துவன்! கம்பி கட்டினேன், சேர்ந்தது. கழற்றினேன், எட்டே மாதத்தில் மறுபடி சந்து. இன்னொரு முறை கட்டினேன். அதே கதை! பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகினாள். பிறகு சிரிப்பதையே விட்டாள். பெற்றவனுக்கு இதைவிட வேறு தண்டனை உண்டா?

வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். நான் எக்ஸ்ரேயை நீட்டினேன். அவர் டம்ளரை நீட்டினார். மகளின் உதட்டை லேசாக விலக்கிப் பிடித்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு மிடறுக்கும் நாக்கு அந்தச் சந்தில் வந்து முட்டியது. சும்மா இருக்கும்போதும் அங்கேயேதான் கிடந்தது.

"ரெண்டு தடவை கதவைச் சாத்தினீங்க சார். வாசப்படியில காலை நீட்டிப் படுத்திருக்கற ஆளை எழுப்பவே இல்லையே!"

என் மகள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தாமல்!

பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில். உதடு மூடியிருக்க வேண்டும். மூச்சு மூக்கு வழியே. "அப்பாவும் கூடச் செய்யணும்" என்று உத்தரவு வேறு. செய்தேன். வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை என்று என் மனைவி டாக்டரம்மாவுக்குத் தனியாக நன்றி சொன்னார்! அதன் பிறகுதான் மூன்றாவது கம்பி. ஆறு ஆண்டாயிற்று, சந்து திரும்பவில்லை. அதோ, முன்வரிசையில் என் மகளைப் பாருங்கள்: கண்ணெல்லாம் நீர், வாயெல்லாம் பல்!

நாளை முதல் டாக்டரம்மாவின் அறை என் பொறுப்பு. அந்த டம்ளர் அதே மேசையில் இருக்கும். தண்ணீர் குடித்துக் காட்டாத எவருக்கும் நான் கம்பி கட்டமாட்டேன். இது உறுதி!

இப்போது மௌன அஞ்சலி. எழுந்து நில்லுங்கள். உதட்டை மூடுங்கள். நாக்கு நுனியை மேலே அண்ணத்தில் வையுங்கள். குனிந்து பார்க்க இன்று அவர் இல்லை. தயவுசெய்து ஏமாற்றாதீர்கள்.