பஞ்சாரத்துக்கு வெளியே

ஸ்டேஷன் வாசலில் மேய்கிற கோழிகள் யாருடையவை என்று தெரியவில்லை. வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றுக்காவது உருப்படியான மூக்கு இல்லை. அந்தச் செவலைச் சேவலுக்கு வால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, நடை மட்டும் ஜமீன்தார் நடை. தப்பு அதன்மேல் இல்லை. குஞ்சிலேயே கவனிக்காமல் விட்டவன்மேல்தான் தப்பு.

டீயை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், அம்மா. வெளி டீ எனக்கு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் எழுதி வைத்திருப்பதை ஏட்டையா வாசித்துக் காட்டினார். மனைவியைப் பாம்பு கடித்ததும், ஆய்க்குடி சிவனணைந்தபெருமாள் என்கிற நான் பதறிப்போய், இன்னது செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டேனாம். “வயசான காலத்துல யாருக்குந்தான் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்கய்யா” என்று நீங்களும் சொன்னீர்கள். இன்ஸ்பெக்டராக இருந்தும் உங்களுக்கு நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்கள் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை. என் மனைவி ஜோதிலட்சுமிக்கும் நல்ல மனசுதான்.

நான் பதறவில்லை. என் வாழ்நாளில் பதறியதே கிடையாது. கண்டவனும் என்னைக் கிழட்டு மடையன் என்று பேசிக்கொண்டு திரிய இடம் கொடுக்க மாட்டேன். அதைத் திருத்தத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போலீசிடம் சொல்வது கோர்ட்டில் செல்லாது என்கிறீர்கள். மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையே சொல்கிறேன், எழுதச் சொல்லுங்கள்.

முதலில் கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வளர்ப்பது கிளிமூக்கு விசிறிவால். சண்டைக்கு விடுகிற சேவல் இல்லை. கட்டுச்சேவலைப் பிடித்துக்கொண்டு சாராய நாற்றத்தோடு தோப்புக்குத் தோப்பு ஓடுகிற கூட்டத்தோடு என்னைச் சேர்க்காதீர்கள். இது அழகுக்கு வளர்ப்பது. மூக்கு கிளிக்கு இருப்பதுபோல் குட்டையாக வளைந்து இறங்க வேண்டும். வால் விசிறியாக விரிந்து தரையைத் தொட வேண்டும். கழுத்து குட்டை, கண் வெள்ளை. இந்த நாலும் ஒரே உடம்பில் சேர்வது அபூர்வம். மூக்கு வந்தால் வால் வராது, வால் வந்தால் கண்ணில் மஞ்சள் ஓடும். ஒவ்வொரு தலைமுறையிலும் கழித்துக் கழித்துத்தான் அதைக் கொண்டுவர வேண்டும். கழிக்கத் தெரியாதவன் கோழி வளர்க்கலாம், வம்சம் வளர்க்க முடியாது.

ஆய்க்குடியில் எங்களுக்கு வயல் உண்டு, முருகன் கோயிலில் ஒரு மண்டகப்படி உண்டு. ஆனால் செங்கோட்டையிலிருந்து வீரகேரளம்புதூர் வரைக்கும் என்னை மதிக்கிறவர்கள் அதற்காக மதிக்கவில்லை. “பெருமாள் அண்ணாச்சி கண்ணு பாத்துட்டுன்னா அதுக்கு மேல அப்பீல் இல்ல” என்பார்கள். கண்காட்சிகளில் நான்தான் நடுவர். டாக்டருக்குப் படித்தவன், வக்கீல், ஏசி காரில் சேவலைக் கொண்டுவந்து இறக்குகிறவன், எல்லோரும் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. வேறு சொத்து என்று நான் நினைப்பதும் இல்லை. அந்தப் பேர் ஒன்றுதான் இருந்தது.

குஞ்சு பொரித்த அன்றே வலது கால் விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டுவிடுவேன். என் வம்சம் என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு மாதம் வளர்ந்ததும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பேன். தேறாததை விற்க மாட்டேன், யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன். என் ரத்தம் சந்தையில் கோணல் மூக்கோடு திரியக்கூடாது. கொல்லவும் மாட்டேன், அது பாவம். சாயங்காலம் தாய்க்கோழியையும் தேறின குஞ்சுகளையும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடும்போது, தேறாததை வெளியே விட்டுவிடுவேன். அவ்வளவுதான். கீரி உண்டு, பூனை உண்டு, காலையில் பருந்து உண்டு. மூங்கில் சிம்புக்கு வெளியே நின்று அது கத்தும், உள்ளே இருந்து தாய் கத்தும். ஜோதிலட்சுமி காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. காக்கை கண்காட்சிக்கு வருவதில்லை என்று நான் சொல்வேன்.

அவள் காதை மட்டும் பொத்தவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. நான் உள்ளே போனதும் அந்தக் கழிசடைகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டு, கடையநல்லூர் ஆசியாவிடம் கொடுத்திருக்கிறாள். ஆசியா புருஷன் மசூது சவூதியில், தம்மாமில் இருக்கிறான். அவள் தறி நெய்துகொண்டு கொல்லையில் கோழி வளர்க்கிறாள். இரண்டு பேருக்கும் வாரப் பேச்சு, அதாவது கோழி இவளுடையது, வளர்ப்பது அவள், வருகிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. கட்டின புருஷன் கழித்துப்போட்டதில் வாரம் பேசியிருக்கிறாள் என் மனைவி. கடைசிவரை இதில் ஒரு வெட்கம் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

போன மாசியில் குற்றாலத்தில் கண்காட்சி. அருவி வற்றிப்போய், எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருகிற கூட்டமெல்லாம் தொலைந்த பிறகு அந்த ஊர் கொஞ்சம் மனிதர் இருக்கிற மாதிரி இருக்கும். கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். அங்கேதான் ஆசியா வந்தாள், ஒயர்க்கூடையில் ஒரு மயில் நிறச் சேவலை வைத்துக்கொண்டு. கருவாடு வாங்கக் கடைக்கு வந்தவள்போல நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சேவலை மேசைமேல் விட்டாள், ஒருவரும் சிரிக்கவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு மூக்கை நான் பார்த்ததில்லை. வாலை விரித்துப் பார்த்தேன், ஓர் இறகு குறை சொல்ல முடியாது. முதல் பரிசு அதற்குத்தான் என்றேன். மைக்கைப் பிடித்து, “இப்படி ஒரு சேவல் என் கொட்டகையிலேயே இல்லை. இதை வளர்த்தவரிடம் நாம் எல்லாரும் பாடம் கேட்க வேண்டும்” என்று சொன்னேன். பெருந்தன்மையாகப் பேசுவது எனக்கு எளிது, எனக்கு மேலே ஒருவரும் இல்லாததால். கை தட்டினார்கள். ஆசியா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். ஜோதிலட்சுமி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, பரிசு குடுத்தியள்ள, அந்தச் சேவலோட வலது கால் சவ்வப் பாத்தியளா?”

“எதுக்குக் கேக்க?”

“ஒங்க ஊசி ஓட்டைதான் அதுல இருக்கு. மூக்கு நேரா இருக்குன்னு போன வருசத்துக்கு முந்தின வருசம் வெளிய விட்டியள்லா, அந்தக் குஞ்சுதான். சில குஞ்சுக்கு மூக்கு பிந்தித்தான் எறங்குமாம். ஆசியா சொல்லுதா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. பிள்ளை எதையாவது தட்டிவிட்டால் தாய் சிரிப்பாளே, அப்படி. “ஆனைக்கும் அடி சறுக்கும்ங்க” என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். இத்தனை வருஷம் என் சோற்றைத் தின்றவள், அதுவரை ஒரு குஞ்சின் மூக்கையாவது நிமிர்த்திப் பார்த்திராதவள், எனக்கு ஆறுதல் சொன்னாள்.

பிறகு தன் பேரத்தைச் சொன்னாள். “நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன். ஆசியாவும் சொல்ல மாட்டா. ஆனா இனிமே ஒரு குஞ்சக்கூட நீங்க வெளிய விடப்பிடாது. விட்டியள்னா, சித்திரையில எலஞ்சில கோழிச் சங்கக் கூட்டம் வருதுல்லா, ஒங்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது நானே எந்திச்சிச் சொல்லிருவேன்.”

சரி என்றேன். மோர் கேட்டேன். சாப்பிட்டு எழுந்து யோசித்தேன், நிதானமாகத்தான். கோழியைக் கழிக்காமல் இருந்தால் என் வம்சம் போய்விடும். கழித்தால் என் பேர் போய்விடும். நடுவராக மைக்கில் நான் புகழ்ந்தது நானே தூக்கி எறிந்த குஞ்சை என்று தெரிந்தால், நேற்றுக் கோழி வளர்க்க வந்த பொடியன் முதற்கொண்டு சிரிப்பான். கண்காட்சிக்குக் கண்காட்சி காலைத் தூக்கி ஓட்டையைத் தேடுவார்கள். ஜோதிலட்சுமிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் தேறவில்லை, அவ்வளவுதான்.

பாம்பை நான் கொண்டுவரவில்லை. இதை அழுத்தி எழுதச் சொல்லுங்கள். மலையடிவாரத்து ஊர், உமி கொட்டி வைத்திருக்கிற அடைக் கொட்டகையில் எலி வரும், எலிக்குப் பின்னால் அது வரும். அன்றைக்குக் காலையில் அடைக்கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். கூடைக்குப் பின்னால் உமியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. நல்ல கனம். அடை கிடந்தது என் வம்சத்திலேயே உயர்ந்த பெட்டை. அதை மெதுவாகத் தூக்கிக்கொண்டேன். பிறகு கம்பால் கூடையை என் பக்கம் இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, கரு ஓடின முட்டைகளையெல்லாம் துண்டில் எடுத்துக்கொண்டேன். கூமுட்டைகளை விட்டுவிட்டு, கூடையை இருந்த இடத்துக்கே தள்ளி வைத்தேன். ஒரு முட்டைகூட உடையவில்லை. பதறினவனுக்கு இது வருமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பெட்டையை அடுத்த அறையில் அடை வைத்துவிட்டு வந்து, “அடைக் கூடையில முட்டை கெடக்கு, எடுத்துட்டு வா” என்று ஜோதிலட்சுமியிடம் சொன்னேன். பேரம் படிந்த சந்தோஷம் அவளுக்கு. நான் அவளிடம் முட்டையை எடுக்கச் சொல்வதே இல்லை. பூப்போல் எடுக்க வேண்டும் என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

சத்தம் கேட்டபோது சேவலுக்குக் காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு கால் முடிந்து ஒரு கால் பாக்கி இருந்தது, முடித்துவிட்டுப் போனேன். வாசல் நடையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்திருந்தாள். ஆட்டோவுக்குச் சொல்லுங்கள் என்றாள். சொல்லியாச்சு என்றேன். தென்காசிப் பெரியாஸ்பத்திரி கால்மணி நேரத் தூரம். அவளும் கணக்குப் பார்த்திருப்பாள்போல. வருதா, வருதா என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், கேட்பதை நிறுத்திவிட்டாள். உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஆசியாவுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

ஆசியா ஆட்டோவோடு வந்து கேட்டைத் தட்டினாள். “அண்ணாச்சி, அக்கா எங்கன? ஆட்டோவே வரலன்னு அழுதுக்கிட்டே போன் பண்ணாவளே” என்றாள்.

“அப்பமே ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. நீ அங்கன போ” என்றேன். அதே ஆட்டோவில் ஓடினாள். நம்பிவிட்டாள் பாருங்கள். என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு அப்போதும் இருந்தது.

உள்ளே வந்தேன். ஜோதிலட்சுமிக்கு ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. “ஆசியா சத்தம் கேட்டுதே” என்றாள். “இல்ல, கோழி” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் திட்டவில்லை. “அந்தக் குஞ்சுகள வெளிய விட்றாதிய” என்றாள். இப்படித்தான் கடைசிவரைக்கும், எதைப் பேச வேண்டிய நேரத்தில் எதைப் பேசுவது என்று தெரியாது. ஆசியா வார்டு வார்டாகத் தேடிவிட்டுத் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்து, விளக்கு ஏற்றி வைத்திருந்தேன்.

இவ்வளவுதான், அம்மா. கொலை என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆயுள் தண்டனை என்றாலும் பாளையங்கோட்டைக்கு நடந்தே போவேன். என் வீட்டுக் கோழிகளை ஆசியா எடுத்துப்போய்விட்டாளாம், கழிசடை, உயர்ந்தது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே பஞ்சாரத்தில் அடைக்கிறாளாம். தொலையட்டும்.

ஒன்றே ஒன்று. ஆசியா கொடுத்த வாக்குமூலத்தில், நான் வளர்த்த கோழியே எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அந்தச் சேவல் யாருடையது என்று மேசையில் பார்த்த உடனேயே எனக்குத் தெரியும். தெரிந்துதான் பரிசு கொடுத்தேன்.

தெரிந்தே கொடுத்தீர்கள் என்றால் அந்த அம்மாவை எதற்காகச் சாகவிட்டீர்கள் என்று கேட்கிறீர்கள். காரணம் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. தினமும் எத்தனை புருஷன்மார் பெண்டாட்டியைக் கொல்கிறார்கள், அதில் ஏதாவது ஒரு காரணத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பெருமாள் அண்ணாச்சி கண் தவறவில்லை என்று மட்டும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.