சாவி என் சட்டைப்பையில் இருந்தது

என் பெயர் படிவத்தின் மேலே உள்ளது. பட்டறையில் என்னைப் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு. கிடங்குக்குப் பின்புறம் உள்ள குடியிருப்பில், இரண்டாம் மாடியில், மனைவியோடும் அவள் தம்பியோடும் வசிக்கிறேன். நானும் மச்சினனும் சரக்கு லிப்ட் பழுது பார்க்கிறோம். சென்ற மாதம் நான் கொடுத்த வாக்குமூலத்தை மாற்ற வந்திருக்கிறேன். யாரும் வற்புறுத்தவில்லை.

லிப்டுக்கு அடியில் உள்ள குழியில் யார் இறங்குகிறாரோ, அவரே மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தொழிலின் விதி. மூன்று வருடங்களுக்கு முன் மச்சினன் குனிந்தபோது சாவி குழியின் எண்ணெயில் விழுந்துவிட, அரை நாள் தேடினோம். அதன் பிறகு யார் இறங்கினாலும் சாவி என்னிடமே இருந்தது. “சாவி மாமாகிட்ட இருந்தா எமனே கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்” என்று அவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். எனக்கு அது பெருமையாக இருந்தது.

சம்பவத்தன்று காலை பத்து மணிக்குக் கிடங்கு லிப்டின் மெயின் சுவிட்சை நான் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டேன், அவன் குழியில் இறங்கினான். தூசி வெளியே வராதிருக்கக் குழிக் கதவை நான் சாத்தினேன். அதன் பிறகு சுவர்ப் பெட்டியில் ஒயர் மாற்றினேன். பதினொன்றரைக்குக் கிடங்கு மேலாளர் வந்து, சரக்கு தேங்கி நிற்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். மச்சினனின் கருவிப் பை சுவரோரம் இருந்ததால், அவன் ஏறி வந்து கைகழுவப் போயிருப்பான் என்று நினைத்தேன். அதன் பிறகு பூட்டைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன். சாவி அவனிடம் இருந்திருந்தால் அவனைத் தேடிப் போயிருப்பேன். என்னிடம் இருந்ததால் யாரையும் கேட்கவில்லை. சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பட்டறையில் கூட்டம் போட்டு, இனி இப்படி நடக்காமலிருக்க உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றார்கள். அவன் என்னிடம் சொல்லாமல் இறங்கிவிட்டான் என்றேன். இங்கேயும் அதையே எழுதிக் கொடுத்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவன் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. ‘இறங்குமுன் உடனிருப்பவரிடம் சொல்லவும்’ என்று சுவரில் ஒட்டினார்கள். சாவி பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பட்டறையில் இருவர் இருவராக வேலை பார்க்கும் மற்றவர்களும் எங்களைப் பார்த்துச் சாவியை ஒருவரிடமே வைத்துக்கொண்டு இன்றும் குழியில் இறங்குகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு வேளாவேளைக்குப் பசிக்கிறது, இரவில் தூக்கமும் வருகிறது. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரியில் மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் சொல்லாமயா எறங்கினேன் மாமா? எனக்கு ஞாபகமே இல்ல. மன்னிச்சிடுங்க” என்றான்.

அவன் சொன்னான். “எறங்கறேன் மாமா” என்றான். நான் திரும்பிப் பார்க்காமல் “ம்” என்றேன்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அந்த “ம்” அவசியமா என்று அதிகாரி கேட்டார். அவசியம் என்றேன். எல்லாம் நான் சொன்னது, எல்லாம் நடந்தது.

(கையொப்பம்)