இலங்கையின் தேசிய மலர் (3)

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். இருந்தாலும் குடிக்கலாம். உங்கள் ரைட்டரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள், நான் எங்கேயும் ஓடப் போவதில்லை.

என் பெயர் கலியமூர்த்தி. விருத்தாசலத்தில் பியூஸ் கட்டை சுடும் பீங்கான் சூளையில் மேஸ்திரி. ஊர்ப் பத்திரிகையில் பதினோரு வருடம் குறுக்கெழுத்துப் புதிர் போட்டவனும் நான்தான். செடி, கொடி, பூ என்றால் என்னை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். இந்த இரண்டாயிரத்து ஆறு பொங்கல் இதழுக்கு முழுக்க தேசிய மலர்களாகவே போட்டேன். பாகிஸ்தானுக்கு மல்லிகை, வங்கதேசத்துக்கு ஆம்பல். இலங்கைக்கு மூன்று கட்டம் விட்டு, விடை தாமரை என்று கொடுத்தேன்.

பக்கிரி எங்கள் சூளையில் சரக்கு அடுக்குகிறவன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து சைக்கிளில் வருவான். ஒன்பதாவது ஃபெயில். டீக்கடையில் அத்தனை பேர் நடுவில் பத்திரிகையைத் தட்டிக்கொண்டு கேட்டான்: "ஏங்க மேஸ்திரி, இலங்கைக்குத் தாமரைன்னு யாருங்க சொன்னாங்க? அல்லிங்க, நீல அல்லி. எம் பொண்ணு ஸ்கூலு புக்குலயே இருக்குது."

சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவன் ஆசிரியருக்குக் கார்டும் போட்டுவிட்டான். அடுத்த இதழில் திருத்தம் வந்தது. அதற்கடுத்த இதழில் என் பெயர் இருந்த இடத்தில் 'புதிர்: பக்கிரி' என்று வந்தது. அதை அவனே கொண்டுவந்து என்னிடம் நீட்டினான்.

"பாத்துச் சொல்லுங்க மேஸ்திரி, தப்பு இருந்தா திருத்திக்கிறேன்."

பணிவு மாதிரி இருக்கும், அவ்வளவும் திமிர். குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள்தானே, சார்.

மாசி மகத்தன்று மத்தியானம் எல்லோரும் மணிமுத்தாற்றுக்குப் போய்விட்டார்கள். பக்கிரி மட்டும் இருந்து கடைசி வரிசையை அடுக்கினான். அடுக்கி முடித்ததும் சூளைக்குள்ளேயே சாக்கை விரித்துப் படுத்துவிடுவான், உள்ளே குளுகுளுவென்று இருக்கும். வாசலைச் செங்கல் வைத்து அடைக்குமுன் மேஸ்திரி உள்ளே தலையை நீட்டி மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் சட்டம். நான் கொடுத்தேன். சத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

வாசலை மேல்வரைக்கும் இரண்டு அடுக்குக் கல் வைத்து அடைத்து, வெளியே இரும்புப் பட்டை போட்டு, மண் பூசிக்கொண்டிருந்தபோது அவன் விழித்துக்கொண்டான். சுவரைத் தட்டினான்.

"மேஸ்திரி, நான் உள்ள இருக்கறேங்க."

நான் ரவுடி இல்லை, சார். அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். நெருப்பைப் பார்க்கிற ஓட்டையில் வாயை வைத்துக் கேட்டேன்: "இலங்கையோட தேசிய மலர் என்னடா? மூணு கட்டம். யோசிச்சுச் சொல்லு."

உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

"தாமரைங்க. தாமரைதாங்க மேஸ்திரி. எம் பொண்ணு மேல சத்தியமா தாமரைங்க. தொறந்து வுடுங்க."

பதினோரு வருடத்தில் தப்பான விடைக்கு நான் யாருக்கும் பரிசு கொடுத்ததில்லை, சார். பர்னரைப் பற்றவைத்தேன்.